எஸ் சேராத பெயர்கள்

கொட்பேயில் மாலை ஆறரை,
ஒஹாயோவில் காலை ஒன்பது.
அவர்களுக்குக் கோப்பி. எனக்கு
கடைசி வள்ளத்துச் சூரையின் ஹிஸ்டமின் அறிக்கை.
கையுறையைக் கழற்றி
சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவித்தான்
மடிக்கணினியைத் திறப்பேன்.
கமராவில் மணம் தெரியாது என்று
எத்தனை தரம் சொன்னாலும் கை கேட்பதில்லை.

தீவிர ஆங்கிலம், நான்காம் நிலை.
உணவு விஞ்ஞானத்துக்கு இடம் தந்துவிட்டார்கள்,
மொழியைத் தாண்டி வா என்ற நிபந்தனையோடு.
விசா இன்னும் பரிசீலனையில்.
ஆகவே பல்கலைக்கழகம் என்னிடம் வருகிறது,
துண்டு துண்டாக,
கரண்ட் இருக்கும் நாட்களில்.

அறையில் பதினொரு பேர்.
நான் மட்டும் சுவரில்.
உன் முகம் இங்கே மேசையளவு என்று
யெசெனியா ஒருநாள் சொன்னாள்.
அன்றிலிருந்து பொட்டைச் சரியாக நடுவில் வைக்கிறேன்.

இன்றைக்கு எஸ்.
பெயரோடு சேர்ந்தால் பலது,
வினையோடு சேர்ந்தால் ஒன்று.
வாசலில் ஒரு கதை, அடுப்படியில் வேறு கதை.
எங்கள் முகாமையாளர் மாதிரி என்று
கொப்பியின் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியை விபரியுங்கள்
என்றா மிஸ் ப்ரூபேக்கர்.
என் ரோட்டில் நிறைய டியர்ஸ் நிற்கும் என்றேன்.
சிவப்புக் கோடு எஸ்ஸின் மேல் விழுந்தது.
ஒன்றானாலும் டியர், நூறானாலும் டியர்.
பிறகு மெதுவாக, சுகமில்லாத பிள்ளையிடம் கேட்பதுபோல்:
மிருகக்காட்சிச்சாலையிலா?
இல்லை, பஸ் நிலையத்தில்.
முஸாத் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.
முன்னிடைச் சொல்லைப் பிழையாய்ப் போட்டுவிட்டேன்
என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஃபிஷ்ஷும் அப்படித்தானாம்.
ஆறு வருடமாகத் தொன் தொன்னாக எண்ணுகிறேன்,
எஸ் போட்டு அனுப்பிய அறிக்கைகள் எத்தனை!
கொட் மீனுக்கும் எஸ் இல்லை.
கொட் ஒன்றுகூட இல்லாத இந்தக் கொட்பேயில் இருந்து
அதையும் எழுதிக்கொண்டேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த காவலாளி சுமணதாஸ
கதவடியில் நின்று கேட்டபடி இருந்தார்.
"மிஸ், அப்ப ஒண்டா கனக்கவா எண்டு எப்பிடித் தெரியும்?"
அவருடைய தமிழில் கேட்டதை
நான் என்னுடைய ஆங்கிலத்தில் கேட்டேன்.
வினையைப் பாருங்கள் என்று பதில் வந்தது.
வாஸ் என்றால் தனியே நின்றது.
வேர் என்றால் கூட்டம்.

பத்தரைக்கு நிபந்தனை வாக்கியம்.
இஃப் ஐ வேர்.
கையை உயர்த்தினேன்: நான் ஒருத்தி, வாஸ் அல்லவா?
நடக்காததைச் சொல்லும்போது, என்றா,
நானுக்கும் வேர்தான்.

அதன்பிறகு கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் கேட்கவில்லை.
சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பா.
நடக்காத நான் ஒரு கூட்டம்.
ஒருத்தி ஒஹாயோவில், பனிச்சப்பாத்தோடு.
ஒருத்தி விசா மறுக்கப்பட்டு இதே கூடத்தில், ஆறுதலாக.
ஒருத்தி மகளைக் கூட்டிக்கொண்டு.
ஒருத்தி (சொல்லக்கூடாது) கூட்டாமல்.
அவ்வளவு பேரும் ஒரு சின்ன ஐயின் பின்னால்
வரிசையில் நின்று என்னைப் பார்த்தார்கள்.
சுமணதாஸ கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினொன்றரைக்குப் பூட்டிவிட்டு
றெஜினோல்டின் மோட்டார் சைக்கிளில் ஏறினேன்.
"இண்டைக்கு என்ன படிச்சனீர்?"
"மான்."
அவர் மேலே கேட்கவில்லை.

உள்துறைமுக வீதியில் நின்றன.
எட்டோ பத்தோ, எண்ண விடவில்லை.
ஒன்று மட்டும் மதிலோடு ஒட்டி,
மூன்றே மாதத்தில் சரளமான ஆங்கிலம் என்ற சுவரொட்டியைப்
பசையோடு இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.
தொலைபேசி எண்வரை முடித்துவிட்டது.
ஹோன் அடித்தும் திரும்பவில்லை.

படம் எடுத்து யெசெனியாவுக்கு அனுப்பினேன்.
கீழே ஒரு சொல், டியர்.
வினை போடவில்லை.